சிவப்புப் புள்ளிகளை அணைத்த அம்மையாருக்கு

மூளைப் படங்களின் மெய்யறிந்த மேதையே! முந்நூறு மகிழ்ச்சிகளை முளையிலேயே கிள்ளிய முதுநிலைப் புள்ளியியலாளரே! எங்கள் அன்புக்கும் அச்சத்துக்கும் ஒருங்கே உரிய 'சல்லடை அக்கா' அவர்களே! வணக்கம்.

இருபத்தேழு ஆண்டுகள் இந்த ஸ்கேன் மையத்தில் பணியாற்றி இன்று விடைபெறும் உங்களை வாழ்த்துவதா, உங்களோடு வழக்காடுவதா என்று விளங்காமல்தான் இம்மடலைத் தொடங்குகிறோம்.

ஒரு மூளைப் படத்தை லட்சம் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டிலும் "இங்கே மாற்றம் உண்டா?" என்று கேட்பது எங்கள் பிழைப்பு. நூற்றுக்கு ஐந்து தவறு போகட்டும் என்று விட்டால், ஒன்றுமே நடக்காத மூளையிலும் ஐயாயிரம் இடங்கள் 'உண்டு' என்று பொய்ச்சாட்சி சொல்லும் என்பது உங்கள் கட்சி. "காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்திருக்கு, அவ்வளவுதான்" என்பீர்கள். தேர்ச்சி அளவை இறுக்குவீர்கள். திரையில் மாற்றம் காட்டிய சிவப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றாய் அணையும். நாங்கள் டீ குடிக்கப் போவோம்.

இம்மடலை எழுதும் பொறுப்பு, உங்களோடு மூன்று ஆண்டுகளாகப் பேசாத நினைவாற்றல் ஆய்வாளரிடம் வந்து விழுந்தது. சீட்டுக் குலுக்கித்தான் எடுத்தோம். தற்செயல் என்று நீங்களாவது நம்ப வேண்டும்.

மறதி நோயாளிகள் படஅட்டைகளை அடுக்கிப் பழகினால் மூளையில் ஓரிடம் துலங்குகிறது என்று அவர் கண்டிருந்தார். அவருடைய அப்பாவுக்கும் அதே நோய்; வீட்டிலும் அதே அட்டைகள். ஆசை ஆசையாய் உங்களிடம் படத்தைக் கொண்டுவந்தார்.

"எத்தன எடத்துல தேடினீங்க தம்பி?" என்றீர்கள்.

"எல்லா எடத்துலயும்தான்க்கா."

அந்தப் புள்ளி தேறவில்லை. அன்று மாலையே அவர், "இதுல பலன் இல்லப்பா, விட்டுடுங்க" என்று அட்டைகளைப் பரணில் போட்டார். அப்பா ஏன் என்று கேட்கவில்லை.

சென்ற வாரம் இம்மடலுக்காக உங்கள் பெருமைகளைத் தேடி அவர் பழைய கோப்புகளைப் புரட்டியபோது, அந்த அறிக்கையின் அடியில் உங்கள் கையெழுத்தில் இரண்டு வரிகள் இருந்தன: 'பலன் இல்லை என்று இதற்குப் பொருளல்ல. இருக்கிறதா என்று தெரியவில்லை. இன்னும் பலரைச் சோதிக்க வேண்டும்.' தெரியவில்லை என்பதை இல்லை என்றே மூன்று ஆண்டுகள் எடுத்துக்கொண்டிருந்தார், படித்த மனிதர்.

உங்கள் அறை வாசலில் வந்து நின்று, "ஏங்க்கா வாயால சொல்லல?" என்று கேட்டார்.

"சொல்ல வாயெடுத்தேன் தம்பி, நீங்க கதவச் சாத்திட்டுப் போயிட்டீங்க. பின்னாடியே ஓடி வந்து சொல்லியிருக்கணும்" என்றீர்கள். இருவரும் அழுதீர்கள். தவறு யாருடையது? எங்களுக்குப் பிடிபடவில்லை. உங்கள் கண்டிப்பைப் புகழும் பத்தியை அவர் மூன்று முறை எழுதி மூன்று முறையும் அடித்தார்; அது இம்மடலில் இல்லை.

அட்டைகள் பரணைவிட்டு இறங்கிவிட்டன. பலன் இருக்கிறதா என்றால், தெரியவில்லை. இதற்குள் அப்பா மறதியில் வெகுதூரம் போய்விட்டார். பெற்ற மகனையே, "சார், நீங்க யாரு?" என்கிறார்.

அம்மையீர்! நலம் குன்றாமல், நடை தளராமல், நினைவு மங்காமல் நீங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும். இதற்கு எங்களிடம் ஆதாரம் இல்லை, ஆசைதான் இருக்கிறது. சட்டமிட்ட இம்மடலை உங்கள் கையில் தர, அந்த அப்பாவைத்தான் மேடைக்கு அழைத்து வருகிறோம். நீங்கள் யார் என்று கேட்பார்; சொன்ன பிறகும் கேட்பார். கேட்கும்போதெல்லாம் சொல்லுங்கள்.

இங்ஙனம்,
உங்களுக்கு அஞ்சியும் உங்களை நம்பியும் வேலை பார்த்த
ஸ்கேன் அறையினர், கணினி அறையினர்