ஒக்சுனின் சீழ்க்கை

பூண்டைக் கொஞ்ச நேரம் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு வைத்தால் தோல் தானாகக் கழன்று வரும். இத்தனை வருஷமாகச் சொல்கிறேன், நீ கேட்பதில்லை, யொன்ஹா. காய்ந்த பல்லை நகத்தால் நோண்டிக்கொண்டிருக்கிறாய். உன் அம்மாவும் அப்படித்தான். எதையும் ஊறப்போட அவளுக்குப் பொறுமை கிடையாது.

நேற்று போனில் தொக்சில் அக்கா உன்னிடம் என்ன சொன்னாள் என்று நான் கேட்கப்போவதில்லை. போனை வைத்ததிலிருந்து நீ என்னோடு பேசவில்லை. உன் பை கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் பார்த்துவிட்டேன். இன்றைக்குக் கடையைத் திறக்க வேண்டாம். நான் சொல்கிறேன், நீ உரித்துக்கொண்டே கேள்.

போன மாதம் நம் கடைத்தெருச் சங்கத்துப் பத்திரிகைக்காக ஒரு பெண் வந்தாள் அல்லவா? இத்தனை வருஷத்தில் வேலையும் வாழ்க்கையும் எப்படியெல்லாம் மாறின என்று கேட்டாள். சொன்னேன். ஜெஜு தீவில் கடலுக்குள் மூழ்கிச் சிப்பி எடுத்தேன். கடல் தாண்டி இந்த ஓசாகாவுக்கு வந்து உன் அம்மாவின் மாமா பட்டறையில் செருப்புக்குப் பசை தடவினேன். அவர் போன பிறகு இந்தக் கஞ்சிக்கடை போட்டேன். அவ்வளவுதான் என் உத்தியோகம்.

"கடலை விட்டு வர எப்படிம்மா மனசு வந்துச்சு?" என்றாள்.

"கடலே போதும்னு சொல்லிடுச்சு" என்றேன்.

அவளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், அதையே தலைப்பாகப் போட்டுவிட்டாள். நீ அதை வெட்டிக் கல்லாவுக்கு மேலே ஒட்டினாய். ஜெஜுவில் நம் ஊருக்குப் போனபோது தொக்சில் அக்காவுக்கு ஒன்று கொண்டுபோனாய். அங்கிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது. நான் உன்னைக் குறை சொல்லவில்லை. நல்ல எண்ணத்தில்தான் கொண்டுபோனாய்.

திரும்பி வந்து அவள் சொன்னதாகச் சொன்னாய். "உங்கம்மா அன்னைக்கு ஊதுனத என் காதால கேட்டேண்டி. கூப்பிடக் கூப்பிடப் பதில் குடுத்தா. பனி விலகித் தேடிப் பாத்தா, உடம்பு வெறச்சுப் போயிருக்கு. செத்தவ எப்படிடி ஊதுவா?" சொல்லும்போது நீ பாதி சிரித்தாய், பாதி அழுதாய். "சின்னம்மா, நீங்கதான் அம்மா பக்கத்துல இருந்தீங்களாமே. நீங்களும் அதைக் கேட்டீங்களா?"

கேட்டேன் என்றேன். அது பொய் இல்லை.

உனக்குத் தண்ணீர் வேலை தெரியாது. மூச்சைப் பிடித்து அடியில் இருந்துவிட்டு மேலே வந்ததும் வாயைக் குவித்துக் காற்றை விடுவோம். அது சீழ்க்கையாக வரும். வேண்டுமென்று ஊதுவதில்லை, நெஞ்சு தானாக ஊதும். ஆளுக்கு ஒரு சத்தம். முகத்தைப் பார்க்காமலே யாரென்று சொல்லிவிடலாம். உன் அம்மாவுடையது கெட்டில் கொதிக்க ஆரம்பிப்பதுபோல் அடியில் தொடங்கி, நேராக மேலே ஏறி, கடைசியில் சின்னதாக உடையும். அந்த உடைசல்தான் அவள்.

எனக்கு மூச்சு கிடையாது. காது வேறு சீழ் பிடித்திருந்தது. தலைவலிப் பொடி வாயில் போடாமல் ஒரு நாளும் இறங்கியதில்லை. இருபத்தாறு வயதில் கிழவிகளோடு கரையோரம் பாசி அறுத்துக்கொண்டிருந்தேன். ஆனால் யாருடைய சீழ்க்கையையும் என்னால் அப்படியே ஊத முடியும். வேலை முடிந்து கரையில் காற்றை மறைக்கும் கல்வளையத்துக்குள் நெருப்பு மூட்டிக் குளிர் காயும்போது என்னை ஊதச் சொல்லிச் சிரிப்பார்கள்.

"மல்ஜாவுக்கு மூச்சு குட்டை, வாய் மட்டும் நீளம்" என்பாள் தொக்சில் அக்கா. அவள்தான் எங்களுக்குத் தலைவி. கடலில் அவள் சொன்னதுதான் சட்டம்.

"கிண்டல் பண்ணாதீங்கக்கா. ஒரு நாளைக்கு எனக்கு உடம்புக்கு முடியலன்னா நான் வீட்லயே படுத்துக்கறேன். எனக்குப் பதிலா இவ ஊதட்டும். உங்களுக்கு எங்க வித்தியாசம் தெரியப்போவுது?" என்பாள் உன் அம்மா.

"தெரியாமப் போகுமா? இந்தக் காதுக்கா? போடி."

உன் அம்மா கூட்டத்திலேயே நல்ல மூச்சுக்காரி. அவள் போகிற ஆழத்துக்குத் தொக்சில் அக்காவைத் தவிர யாரும் போக முடியாது. உன் அப்பா படகோடு போன பிறகு அவள் ஒருத்தியே உன்னையும் வீட்டையும் பார்த்துக்கொண்டாள். அப்போதுதான் ஓசாகாவிலிருந்து மாமாவின் அழைப்பு வந்தது. அவளும் நீயும் வரலாம், பட்டறையில் வேலை இருக்கிறது என்று.

நீயே யோசித்துப் பார். கடலில் மீன்போல் இருக்கிறவள் இருட்டறையில் உட்கார்ந்து பசை தடவப் போகிறாள். தண்ணீரில் காலை வைத்தாலே காது வலிக்கிறவள் கடலிலேயே கிடக்க வேண்டும். எனக்கு அது சரியாகப் படவில்லை. அவள்மேல் கோபம் என்று நினைத்துவிடாதே. கோபம் இல்லை. ஒழுங்காக யோசிக்கிற யாருக்கும் அது சரியாகப் பட்டிருக்காது.

அவளிடம் கேட்டேன். "என்னையும் கூட்டிட்டுப் போயேண்டி."

"மாமா எனக்கும் புள்ளைக்கும்தானே அனுப்பியிருக்காரு. போய் நெலச்சதும் உன்னையும் கூப்பிடறேன். மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத. அதுவரைக்கும் கெழவிங்களோட பாசி பொறுக்கு" என்று சிரித்துக்கொண்டே என் கன்னத்தில் ஈரக் கையால் தட்டினாள். கூப்பிட்டிருப்பாள். அவள் சொன்னால் செய்கிறவள்தான். எத்தனை வருஷம் கழித்து என்பதுதான் தெரியாது.

கப்பலுக்கு முந்தின வாரம் அவள் கடைசியாக இறங்கினாள். இறங்க வேண்டியதே இல்லை. "மாமா வீட்டு வாசல்ல வெறுங்கையோடயா போய் நிக்கிறது? பெருசா ஒண்ணு பாத்து வச்சிருக்கேன், காயவச்சுக் கொண்டுபோறேன்" என்றாள். பாறையில் ஒட்டிக்கிடக்கும் அந்தப் பெரிய சிப்பியை, வேறு யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாதென்று இடத்தைக்கூடச் சொல்லாமல் வைத்திருந்தாள். தொக்சில் அக்கா என்னை அவளுக்கு ஜோடியாகப் போட்டாள். நல்ல மூச்சுக்காரியோடு மட்டமான ஒருத்தியைச் சேர்ப்பது வழக்கம். "கடைசி நாளாவது இவளுக்கு ஏதாவது கத்துக்குடு" என்றாள்.

கொஞ்ச நேரத்திலேயே மூடுபனி இறங்கியது. நீட்டிய கை தெரியவில்லை. என் மிதவையும் உன் அம்மாவின் மிதவையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அவள் அடியில் இருந்தாள். நானும் போனேன்.

அந்தச் சிப்பியை எடுக்கிறதற்கு ஒரு முறை உண்டு. இரும்புப் பட்டையை அதன் அடியில் ஒரே குத்தாகச் செலுத்தி நெம்ப வேண்டும். சிப்பி உஷாராகிவிட்டால் பட்டையோடு சேர்த்துப் பாறையைக் கவ்விக்கொள்ளும். யானை இழுத்தாலும் வராது. பட்டை கைநழுவாமல் இருக்க அதன் கயிற்றை மணிக்கட்டில் சுற்றியிருப்போம். சட்டென்று உருவும்படி தளர்வாகச் சுற்ற வேண்டும். உன் அம்மா இறுக்கிச் சுற்றுவாள். எத்தனையோ தடவை தொக்சில் அக்கா திட்டியிருக்கிறாள். அன்றைக்கு மூச்சு தீரும்போது அவசரமாகக் குத்தியிருக்கிறாள்.

நான் பார்த்தபோது அவள் வலது கை பாறையோடு இருந்தது. அவள் உதறவில்லை, பதறவில்லை. அனுபவசாலி அல்லவா? என்னைப் பார்த்ததும் இடது கையால் என் இடுப்பைக் காட்டினாள். பாசி அறுக்கிறவள் நான்தான், அதனால் அரிவாள் என்னிடம்தான் இருந்தது. ஒரு இழுப்பு போதும்.

எனக்கு மூச்சு தீர்ந்துகொண்டிருந்தது. அது உண்மை. அங்கேயே நின்றிருந்தால் இரண்டு பேரும் போயிருப்போம் என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன். அரிவாளின் பிடியைத் தொட்டேன். பிறகு மேலே வந்தேன்.

மேலே வந்ததும் என் சீழ்க்கை வந்தது. அப்போது தொக்சில் அக்கா பெயர் கூப்பிட ஆரம்பித்திருந்தாள். பனி இறங்கினால் யாரும் கரைக்கு நீந்தக் கூடாது, பாறைக்கு நடுவே திசை தவறிவிடும். மிதவையைப் பிடித்துக்கொண்டு இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். தலைவி ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவாள். பதிலுக்குக் குரல் கொடுக்கக் கூடாது, பனியில் குரல் சிதறும். அவரவர் சீழ்க்கையை ஊத வேண்டும்.

என் பெயர் வந்தது. ஊதினேன். அடுத்து, "ஒக்சுன்!"

யாரும் ஊதவில்லை.

"ஒக்சுன்! எங்கடி இருக்க? ஊதுடி. இல்லன்னா நான் எறங்கறேன்."

அவள் குரல் பக்கத்தில்தான் கேட்டது. பனி விலகிய பிறகு பார்த்தேன். நம் கடைக்கும் எதிரே இருக்கிற மீன்கடைக்கும் உள்ள தூரம்தான். அவள் இறங்கியிருந்தால் அவளுடைய மூச்சுக்கு அது ஒன்றுமே இல்லை.

நான் ஊதினேன். அடியில் தொடங்கி, நேராக ஏறி, கடைசியில் உடைத்தேன்.

"ம். உயிர் போயி வந்துச்சுடி எனக்கு. அப்படியே புடிச்சுக்கிட்டு இருங்க எல்லாரும்" என்றாள் தொக்சில் அக்கா.

நீ உரிப்பதை நிறுத்திவிட்டாய். நிறுத்தாதே, கை சும்மா இருந்தால் மனசு எங்கேயாவது போகும்.

நான் என்ன நினைத்தேன் என்று சொல்கிறேன். வீணாக எல்லாரையும் கலவரப்படுத்துவானேன், நானே போய் அறுத்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் மூச்சிரைப்பு அடங்காமல் மறுபடியும் இறங்கக் கூடாது. அது எங்களுக்குப் பாலபாடம். அதனால் மிதவையைக் கட்டிக்கொண்டு மூச்சிரைப்பை அடக்கினேன். அவசரப்படாமல், ஒழுங்காக அடக்கினேன். பக்கத்தில் கொஞ்சம் குமிழிகள் வந்தன. பிறகு வரவில்லை.

தொக்சில் அக்கா மறுபடியும் பெயர் கூப்பிட்டாள். மறுபடியும் ஊதினேன். அப்போது ஊதியதில் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. முதல் தடவை பதில் வந்து இரண்டாம் தடவை வராமல் போனால்தான் பயப்படுவார்கள். பனி விலகும் வரை அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நான் ஊதிக்கொண்டே இருந்தேன்.

அந்த ஒரே நாளில் மூன்று பேருடைய தொழில் மாறிவிட்டது. உன் அம்மா போனாள். தொக்சில் அக்கா தன் காதே தன்னை ஏமாற்றிவிட்டது என்று சொல்லி, பிறகு கடலில் கால் வைக்கவில்லை. கேரட் காட்டில் கூலிக்குப் போனாள். ஊரே சேர்ந்து சாமியாடியை வரவழைத்து உன் அம்மாவின் ஆவிக்குப் பூஜை போட்டது. நானும் ஆப்பிள் வாங்கி வைத்தேன்.

மாமா, குழந்தையையாவது அனுப்பி வையுங்கள் என்று சொல்லி அனுப்பினார். கூட வர ஒரு ஆள் வேண்டும். மற்றவர்களுக்குப் புருஷன் இருந்தான், பிள்ளைகள் இருந்தார்கள், மூச்சு இருந்தது. நான் வாயைத் திறந்து கேட்கவே இல்லை. தொக்சில் அக்காதான் சொன்னாள். "நீ போ மல்ஜா. கடல்ல உன்னால பிரயோஜனம் இல்ல. அந்தப் புள்ளையவாவது கரை சேத்துடு."

கரை சேர்த்தேன். சேர்க்கவில்லையா? கப்பலில் நீ அம்மா அம்மா என்று ஊரைக் கூட்டினாய். யார் தூக்கினாலும் நிறுத்தவில்லை. கடைசியில் உன் காதோரம் அவள் மாதிரி ஊதினேன். டக்கென்று நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்தாய். அதற்குப் பிறகு தூங்க வைக்க வேறு எதுவும் தேவைப்படவில்லை. பசை நாற்றத்தில் என் விரல் தோலெல்லாம் உரிந்தபோதும் உன் பள்ளிச் சீருடையில் ஒரு கறை படவிட்டதில்லை. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உன் கல்யாணத்தில் அம்மா இடத்தில் உட்கார்ந்தேன். உன் அம்மாவின் திதியை ஒரு வருஷம்கூடத் தவறவிட்டதில்லை. படையல் போட்டதும் நீ கேட்பாய், "சின்னம்மா, அம்மா மாதிரி ஒரு தடவை." ஊதுவேன். அவள் இருந்திருந்தாலும் உன்னை இதைவிட நன்றாக வளர்த்திருக்க மாட்டாள். அவளுக்குப் பொறுமை கிடையாது என்று சொன்னேன் அல்லவா?

நேற்றும் அப்படித்தான். "தொக்சில் பெரியம்மா பாவம், தொண்ணூறு வயசுல படுத்துக்கிட்டு அந்தச் சீழ்க்கையையே நெனச்சுக்கிட்டு இருக்காங்க. போன்ல ஒரு தடவை ஊதிக் காட்டுங்க, சந்தோஷப்படுவாங்க" என்றாய். நான் வேண்டாம் என்றேன். நெஞ்சு அடைக்கிறது, இன்னொரு நாள் பார்க்கலாம் என்றேன். நீ எண்ணை அழுத்திப் போனை என் வாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டாய்.

ஊதினேன். போன் துண்டிக்கப்பட்டுவிட்டதோ என்று பார்த்தேன். பிறகு, "மல்ஜா" என்றாள். "அக்கா" என்றேன். "போனைப் புள்ளைகிட்ட குடு" என்றாள்.

அவளைப் பாராட்டத்தான் வேண்டும். அவள் காது ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. அன்றைக்குக் கேட்டதும் நேற்றுக் கேட்டதும் ஒன்றுதான் என்று இந்த வயதில் கண்டுபிடித்துவிட்டாள். இனி அவள் நிம்மதியாகக் கண்ணை மூடலாம். ஒரு விதத்தில் அதுவும் என்னால்தான்.

போவதென்றால் போ, யொன்ஹா. என் பேரனையும் கூட்டிக்கொண்டு போ. நான் தடுக்க மாட்டேன். அந்தப் பூண்டை மட்டும் முடித்துவிட்டுப் போ, நாளைக்குக் கடை திறக்க வேண்டும். ஆனால் ஒன்றை நினைத்துப் பார். நேற்று நீ ஊதச் சொன்னாய், ஊதினேன். கப்பலில் நீ அழுதாய், ஊதினேன். அன்றைக்குக் கடலில் தொக்சில் அக்கா ஊதுடி என்றாள், ஊதினேன். யாரும் கேட்காமல் நான் ஒரு நாளும் ஊதியதில்லை.