பலகையில சோத்துக்கு இடம்

…அதத்தான் நானும் கேக்கறேன், பெயிண்டரே! பணம் வருதுன்னா சந்தோஷப்படணும், இல்லையா? இங்க பணம் வருதுன்னாலே முதல்ல பலகைய மாத்தறாங்க. இந்தத் தடவை என் அடுப்பு மேலயே கைய வெச்சுட்டாங்க. நீ சுரண்டு, சுரண்டு. இந்த ஆபீஸ்ல சுரண்டல்னா அது பலகையில மட்டுந்தான், அதுவரைக்கும் நல்ல ஆபீஸ். ஏணிய நான் கெட்டியாப் புடிச்சிருக்கேன். அண்டாவ ஒத்தையா இறக்கற கை இது, உன்னைத் தாங்காதா? ஆமா, காலு ஏன் இப்படித் தந்தியடிக்குது? மீசை நரைச்சும் ஏணின்னா பயமா தம்பி?

அந்தா, ஓரத்துல உரிஞ்சு நீலம் தெரியுதே, அதான் முதல் பேரு. 'ஏழைகள் உதவி நிலையம்'. அப்பலேர்ந்து நாந்தான் இங்க சமையல். ஒரு தையக்காரர், ஒரு மீன்காரி, ஒரு பஸ் கண்டக்டர், மூணு பேரும் கடைகடையா உண்டியல் டப்பா வெச்சு ஆரம்பிச்சாங்க. டப்பாவுல காசு விழுதோ இல்லையோ, சட்டை பட்டன் நிறைய விழும். தையக்காரருக்கு லாபம்! அந்தக் காசுல வாங்கினதுதான் என் அடுப்பு. மூட்டை தூக்கறவங்க, வீட்டு வேலை செய்றவங்க, வேலை போன அச்சாபீஸ்காரர்… மத்தியானம் யார் வந்தாலும் ஒரு தட்டு. கேள்வி கிடையாது.

அதுக்கு மேல மஞ்சள். அது சர்க்கார் பணம். ஏழைன்னு எழுதக் கூடாதாம், மனசு நோகுமாம். 'நலிந்தோர் நல மையம்'னு எழுதுனாங்க. துணி தேய்க்கிறவ ஒருத்தி, நல்லா கும்முனு இருப்பா, வாசல்ல நின்னு எழுத்துக்கூட்டிப் படிக்கிறா… 'மெ… லிந்… தோர்'. "ஏங்க்கா, இனிமே ஒல்லியா இருக்கறவங்களுக்குத்தான் சாப்பாடா?"ன்னு மூஞ்சி தொங்கிப் போச்சு. "நீ வாடி, கதவுல நுழைய முடிஞ்சா சாப்பிடு"ன்னேன். அப்புறம் தேர்தல் வந்துச்சு, ஆட்சி மாறுச்சு, பணம் நின்னுச்சு. அடுப்பு மட்டும் நிக்கல. கண்டக்டர் தன் பென்ஷனப் போட்டுக் கொஞ்ச நாள் ஓட்டினாரு, பாவம்.

பச்சை, இப்ப நீ சுரண்டறியே, அது ஒரு பெரிய கம்பெனிப் பணம். உதவி வாங்கறவங்கன்னு சொல்லாதீங்க, நம்மகூடப் பங்கு உள்ளவங்கன்னு சொல்லுங்கன்னாங்க. சரின்னு 'பங்காளிகள் இல்லம்'. பங்காளின்னா நமக்கு என்ன ஞாபகம் வரும்? சொத்துத் தகராறுதான! மாட்டின மறுநாளே அண்ணன் தம்பி ரெண்டு பேரு வீட்டுப் பத்திரத்தோட வந்து நிக்கிறாங்க, பாகம் பிரிச்சுக் குடுங்கன்னு. எங்க செயலாளர், அதான் சட்டை கசங்காத மனுஷன், பேய் முழி முழிக்கிறாரு. நான் ரெண்டு பேரையும் ஒரே பெஞ்சுல உக்கார வெச்சுத் தட்டப் போட்டேன். பாகம் என்னவோ பிரியல. ஆனா தம்பி தட்டுல இருந்து அண்ணன் எடுத்துத் தின்னான். அது போதாதா?

இப்ப இது நாலாவது. 'திறன் மேம்பாட்டு மையம்'. அந்த 'தி'ய ஒழுங்காப் போடு, சுழிச்சு 'தீ' ஆக்கிடாத. அடுப்பே இல்லாத இடத்துக்குத் தீ எதுக்கு? ஆமா தம்பி, அடுப்பு இல்ல! புதுப் பணம் கம்ப்யூட்டருக்காம், பயிற்சிக்காம், சுழல்ற நாற்காலிக்காம். சாப்பாட்டுக்கு இல்லையாம். செயலாளர் நேத்து மென்னு முழுங்கிச் சொல்றாரு, "அக்கா, அடுத்த மாசத்துலேர்ந்து சமையலறைதான் கம்ப்யூட்டர் ரூம்." வெறும் வயித்தோட சுழல்ற நாற்காலில உக்காந்தா தலை சுத்தாதா? நீயே சொல்லு! யாரு போட்டுக் குடுத்தாங்களோ தெரியல. எனக்கு அந்த செயலாளர் மேலதான் சந்தேகம். எப்பப் பாரு உப்பு கம்மின்னு சொல்ற ஆளு.

நான் ஒரு குறையும் வெக்கல, தெரியுமா? போன மாசம் இந்தப் புதுப் பணம் குடுக்கறவங்க இடத்தப் பாக்க வந்தாங்க. கண்ணாடி போட்ட ஒரு அம்மா நேரா சமையலறைக்கே வந்து, "இங்க யாராவது பசியோட இருக்காங்களா?"ன்னு கேட்டாங்க. என் மூஞ்சியப் பாத்து! கையில கரண்டி இருக்கறப்பவே! எனக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்துருச்சு. "பசியா? இந்தப் பேட்டையிலயா? அந்தப் பேச்சே இங்க கிடையாதும்மா. பசியோட ஒரு ஆளக் காட்டுங்க, கரண்டியக் கீழ போட்டுடறேன்"னேன். அசந்துட்டாங்கல்ல! கூட வந்த வழுக்கைத் தலைக்கிட்ட, "கேட்டீங்களா, இங்க பசிப் பிரச்சினை தீந்துருச்சாம்"னு… அவரும் தலைய ஆட்டி, சரி, அப்ப அதுக்கு இனி…

என்ன தம்பி, சுரண்டறத நிறுத்திட்ட?

ஏன் அப்படிப் பாக்கற? நான் என்ன… தீந்துருச்சாம்னுதான அவங்க…

அட என் வாயே!

ஐயோ, அந்த செயலாளரப் போயி… சரி, நாளைக்கு அவருக்கு மட்டும் உப்பு தூக்கலாப் போடறேன். அந்தக் கண்ணாடி அம்மா இன்னிக்கும் வந்து உள்ளதான் இருக்காங்க, டீ குடிச்சிட்டு. பணத்துக்குக் கையெழுத்து இன்னும் போடல. நான் போறேன். ஏணியா? செவுத்தப் புடிச்சுக்க, ஆடாம நில்லு, ஒண்ணும் ஆகாது!

என்ன சொல்வேனா? பசி இருக்குன்னு சொல்வேன். தினமும் மத்தியானம் வருது, நானும் போட்டுப் போட்டு அனுப்பறேன், மறுநாள் அதே நேரத்துக்குத் திரும்பி வந்து நிக்குதுன்னு சொல்வேன்.

நீ அந்தப் பலகையில ஓரமா கொஞ்சம் இடம் விட்டு வை தம்பி. பெருசா வேணாம். சோறுன்னு எழுத ரெண்டே எழுத்துதான்!