பிள்ளையிடம் கேதம் கேட்க வந்தவள்

அவைக்கு அழகு சேர்த்து அமர்ந்திருக்கும் விழாத் தலைவர், பள்ளத்தூரின் பெருமகனார் காசி ஐயா அவர்களே! பிள்ளைகளின் பெயரை மட்டுமல்ல, அந்தப் பிள்ளைகள் வளர்க்கும் ஆட்டுக்குட்டியின் பெயரையும் நினைவில் வைத்திருக்கும் தலைமையாசிரியை மீனலோசனி ஆச்சி அவர்களே! அறிவூட்டும் ஆசிரியப் பெருமக்களே! அடுப்பை அணைத்து, அவசரமாய்த் தலைவாரி, அள்ளிச் செருகிய சேலையோடு ஓடோடி வந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! நாற்காலி நூறு கிடந்தும் உட்காராமல் வேப்பமரத்தடியில் கைகட்டி நிற்கும் தந்தைமார்களே! ஆட்டமும் பாட்டமும் முடிந்து, காலில் சலங்கையோடும் முகத்தில் பவுடரோடும், இந்த ஆள் எப்போது நிறுத்துவான், எப்போது வீட்டுக்கு விடுவார்கள் என்று என்னை முறைத்துக்கொண்டிருக்கும் என் செல்லப் பிள்ளைகளே! உங்கள் அத்தனை பேருக்கும் இந்த ரவிக்குமாரின் வணக்கம், வணக்கம், வணக்கம்!

அதற்குள் தலைவரிடமிருந்து ஒரு துண்டுச்சீட்டு வந்துவிட்டது. 'பத்து நிமிடம்' என்று எழுதியிருக்கிறார்கள். ஐயா, எனக்கு வணக்கம் சொல்லி முடிக்கவே பத்து நிமிடம் ஆகும் என்பது ஊருக்கே தெரியுமே! தெரிந்துதானே கூப்பிட்டீர்கள்? சிரிக்கிறார்கள். சரி, அனுமதி கிடைத்துவிட்டது.

ஆண்டு விழா மேடையில் அந்த விபத்தைப் பற்றிப் பேசலாமா, பிள்ளைகள் முன்னால் அதை எடுக்கலாமா என்று நேற்று இரண்டு பேர் என்னிடம் கேட்டார்கள். அவர்கள் கேட்டது அன்பினால்தான். ஆனால் ஒன்று சொல்கிறேன். போன ஆண்டு நாம் செய்த தவறே இதுதான். பிள்ளைகள் முன்னால் பேசவில்லை. பேசாமல் இருந்தால் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள் என்று நினைத்தோம். மறந்தார்களா? மறைத்தார்கள்!

நான் தமிழாசிரியன். இருபத்திரண்டு ஆண்டுகளாக மேடை ஏறுகிறவன். பிள்ளைமேல் பாசம் அதிகம் அப்பாவுக்கா அம்மாவுக்கா என்று பட்டிமன்றத்தில் மூன்று மணி நேரம் தொண்டை கிழியப் பேசி, அப்பாவுக்கே என்று தீர்ப்பு வாங்கி, பொன்னாடையோடு வீடு வந்தவன். அந்த நான், என் சொந்த மகளிடம் நாலே நாலு சொல் சொல்ல முடியாமல் நாக்கு ஒட்டிப்போய் நின்றேன். அந்த வெட்கத்தைத்தான் இன்று உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன். என் மகள் நாகஜோதியிடம் அனுமதி வாங்கிவிட்டேன். ஒரு நிபந்தனை போட்டாள். "அழுதீங்கன்னா உடனே இறங்கிடணும்ப்பா" என்றாள். பார்ப்போம்.

போன ஐப்பசி. விடாத மழை. காரைக்குடிச் சாலை. பதினொரு பிள்ளைகளோடு நம் பள்ளி வேன். எதிரே தடம் மாறி வந்தது ஒரு லாரி. பத்துப் பிள்ளைகள் காயத்தோடு வீடு திரும்பினார்கள். மூன்றாம் வகுப்பு அபி திரும்பவில்லை. ஓட்டுநர் பாண்டிமுருகனுக்குக் கால் முறிந்தது. அவர் மேல் எள்ளளவும் குற்றமில்லை என்பதை இந்த மேடையில் மறுபடியும் சொல்கிறேன். அபிக்கு அடுத்த இருக்கையில் கைச்சிராய்ப்போடு உட்கார்ந்திருந்தவள் என் மகள்.

நாம் என்ன செய்தோம்? ஊரே திரண்டு அபி வீட்டுக்குக் கேதம் கேட்கப் போனோம். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் போய்த் துக்கம் விசாரிப்பது நம் வழக்கம். பெண்கள் கட்டிக்கொண்டு அழுதார்கள், ஆண்கள் கையைப் பற்றிக்கொண்டு குனிந்து நின்றோம். பிள்ளைகளை? "சின்னப்புள்ளைக கேத வீட்டுக்கு வரக்கூடாது" என்று ஒரே வீட்டில் அடைத்து, டி.வி.யில் பொம்மைப்படம் போட்டு, அழுகைச் சத்தம் கேட்காதபடி சத்தத்தைக் கூட்டிவைத்தோம். அபி எங்கே என்று என் மகள் கேட்டாள். "பெரியாஸ்பத்திரியில இருக்காம்மா" என்றேன். ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். அட பாவி மனுஷா! பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்குத் தெரியாததா எனக்குத் தெரியும்?

அப்புறம் தொடங்கியது. காலை ஏழே முக்கால், வேன் வரும் நேரம் ஆனால் வயிற்று வலி. ஹாரன் சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில். நான் குளிக்கப் போனால் குளியலறைக் கதவோரம் வந்து உட்கார்ந்துகொள்வாள். உள்ளே இருந்து நான் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு நின்றால் கதவைத் தட்டுவாள். பயந்த கோளாறு என்று வேப்பிலை அடித்தோம், விபூதி போட்டோம், வலக்கையில் மூன்று கயிறு கட்டினோம். சாமியை நான் குறை சொல்லவில்லை தாய்மார்களே, நானும் கும்பிடுகிறவன்தான். சாமியிடம் கேட்டோம், குறி சொல்லும் கோடாங்கியிடம் கேட்டோம், ஒருவராவது பிள்ளையிடம் கேட்டோமா?

யாரது, வேப்பமரத்தடியில்? "எங்க வீட்லயும் அப்படித்தான்" என்கிறீர்களா? சத்தமாகச் சொல்லுங்கள் அண்ணாச்சி, எல்லா வீட்டிலும் அப்படித்தான்! கசங்கிய வேனின் படத்தைக் கைப்பேசியில் திருப்பித் திருப்பிப் பார்த்தோமே, நம் தோளுக்குப் பின்னால் நின்று அதே படத்தை யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று ஒருமுறையாவது திரும்பிப் பார்த்தோமா?

ஆச்சி, பள்ளியில் நடந்ததையும் சொல்லட்டுமா? தலையாட்டிவிட்டார்கள், பெரிய மனசு. பிள்ளைகள் பார்த்துப் பார்த்து ஏங்கக் கூடாதே என்று அபி உட்கார்ந்த பெஞ்சைத் தூக்கிச் சாமான் அறையில் போட்டார்கள். சுவரில் ஒட்டியிருந்த பிறந்தநாள் பட்டியலிலிருந்து அவள் பெயரையும் எடுத்தார்கள். எல்லாம் பாசத்தில் செய்தது. இரண்டாம் நாள் ஒரு பிள்ளை வீட்டில் போய்க் கேட்டிருக்கிறது: "நான் செத்துப்போனாலும் எம்பேரக் கிழிச்சிருவாகளாம்மா?"

பன்னிரண்டாம் நாள். பிற்பகல் மூன்று மணி. என் வீட்டு வாசலில் வந்து நின்றாள் அம்மாக்கண்ணு. அபியைப் பெற்றவள். வெளிறிய முகம், எண்ணெய் காணாத தலை. கேத வீட்டுக்காரர்கள் காரியம் கழியும்வரை இன்னொருவர் வீட்டு வாசலுக்குப் போக மாட்டார்கள், உங்களுக்குத் தெரியும். அப்படியும் வந்தாள்.

"உள்ள வரலண்ணே. காரியம் கழியல. இங்கனயே நிக்கிறேன். புள்ளையக் கூப்புடுறீகளா?"

"எதுக்கும்மா? அவளே பயந்துபோய்க் கிடக்கா."

"கேதம் கேக்க வந்திருக்கேண்ணே."

"உன்கிட்டத்தானம்மா நாங்க கேக்கணும்?"

"நீங்க கேட்டுட்டீக. ஊரே வந்து கேட்டுட்டுப் போயிருச்சு. அங்குட்டுத் தேவகோட்டையில இருந்து, முகமே தெரியாத சனமெல்லாம் வந்து எங் கையப் புடிச்சு அழுதாக. எம்மக கூட மூணு வருசமா ஒரே தட்டுல தின்னவ உங்க மக. அவகிட்ட யாருண்ணே கேட்டீக?"

அன்பர்களே, இருபத்திரண்டு ஆண்டு மேடையில் என்னை மடக்கிய எதிரணி இல்லை. அந்த ஒரு கேள்வி மடக்கிவிட்டது.

நாகஜோதியை அழைத்து வந்தேன். அம்மாக்கண்ணு வாசற்படிக்குக் கீழே மண்ணில் உட்கார்ந்தாள். பெரிய மனுஷியிடம் நீட்டுவது போல இரண்டு கையையும் அந்த எட்டு வயதுப் பிள்ளையிடம் நீட்டினாள். "ஆத்தா, நம்ம அபி செத்துப்போயிட்டாடி. ஒனக்குக் கூட்டாளி இல்லாமப் போச்சே. அந்தத் துக்கத்தக் கேக்க வந்தேன்" என்றாள்.

நான் பதறிப்போய், நிறுத்தச் சொல்லிக் கையை உயர்த்திவிட்டேன். அந்தச் சொல்லை அதுவரை என் வீட்டில் யாரும் சொன்னதில்லை. ஆனால் என் மகள் அதிரவில்லை. அழவில்லை. மெல்ல இறங்கிப் போய் அந்தக் கையைப் பிடித்தாள். பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"அத்தே, என்மேல கோவமா?"

"ஏண்டி கேக்குற?"

"வேன் வந்து நின்னுச்சு. அபி கேட்டாளேன்னு கலர் பென்சில் டப்பா எடுக்கத் திரும்ப ஓடினேன். அஞ்சு நிமிசம் வேன் எனக்காக நின்னுச்சு. நான் ஓடலைன்னா லாரி வாரதுக்கு முன்னாடியே நாங்க போயிருப்போம்ல?"

கேட்டீர்களா? வயிற்று வலி என்றோமே, அது இது. பயந்த கோளாறு என்றோமே, அது இது! பன்னிரண்டு பகல், பன்னிரண்டு இரவு, நான் மூன்று கயிறு கட்டிய அந்தச் சின்னக் கை இத்தனை பெரிய பழியைத் தனியாகச் சுமந்திருக்கிறது. தகப்பன் நான் கூடவே இருந்தேன், எனக்குத் தெரியாது.

அம்மாக்கண்ணு அவளைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். பிறகு சொன்னாள்: "அன்னிக்கு எங்க வாசல்லயும் வேன் நின்னுச்சுடி. ஒத்தச் சடை போட்டுவிட்டேன், ரெட்டைச் சடைதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னா. அவுத்து மறுபடியும் பின்னினேன். ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. நானும் பன்னெண்டு நாளா அதத்தான் நெனச்சு நெனச்சுச் சாகுறேன். நீ சொல்லு. எம்மேல தப்பா?"

"இல்லத்தே! நீங்க சடைதானே போட்டீக?"

"நீயும் பென்சிலுதானடி எடுக்கப் போன!"

அவ்வளவுதான். அணை உடைந்தது. அந்தத் தாயும் என் மகளும் கட்டிக்கொண்டு அழுதார்கள். உள்ளேயிருந்து ஓடிவந்த என் மனைவி அழுதாள், நானும் அழுதேன். இல்லை ஜோதி, இப்போது அழவில்லை! தொண்டை கரகரக்கிறது, அவ்வளவுதான். கொஞ்சம் தண்ணீர் கொடுங்களேன். நன்றி.

கேதம் கேட்டவர்கள் போகும்போது சொல்லிக்கொண்டு போகக் கூடாது என்பது நம் வழக்கம். அம்மாக்கண்ணு எழுந்தாள், நாலு எட்டு வைத்தாள், திரும்பினாள். "சொல்லிக்காமத்தான் போகணும். ஆனா ஒங்கிட்டச் சொல்லிட்டுத்தாண்டி போவேன். போயிட்டு வாரேன். கட்டாயம் வாரேன்" என்றாள்.

மறுநாளே என் மகள் துள்ளிக் குதித்து வேனில் ஏறினாள் என்று சொன்னால் கைதட்டுவீர்கள். ஆனால் அது பொய். ஐந்து வாரம் ஆனது. காரைக்குடியில் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனோம். மறைத்துப் போகவில்லை, காய்ச்சலுக்குப் போவது போலப் போனோம். முதலில் நிற்கும் வேனைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு நிற்கும் வேனில் உட்கார்ந்தாள். பிறகு தெருமுனைவரை. கால் கட்டோடு பாண்டிமுருகன் வந்து பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, நடந்ததை நடந்தபடி, கேட்ட கேள்விக்கெல்லாம் பதிலாகச் சொன்னார். வேனில் பள்ளிவரை போன முதல் நாள், என் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள் யார் தெரியுமா? வாரேன் என்று சொல்லிப் போனாளே, அவள்தான்.

மீனலோசனி ஆச்சி சாமான் அறையைத் திறந்து பெஞ்சைத் தாமே துடைத்து வகுப்பில் போட்டார்கள். பட்டியலில் அபியின் பெயரைத் திரும்ப எழுதினார்கள். எழுதிவிட்டு வகுப்பின் முன்னால் நின்று, "நான் பண்ணுனது தப்புப்பா" என்று பிள்ளைகளிடம் சொன்னார்கள். அந்த ஒரு சொல்லுக்காக இந்தப் பள்ளிக்கூடத்தையே கையெடுத்துக் கும்பிடலாம்!

எல்லாம் சரியாகிவிட்டதா? ஒன்று மட்டும் பாக்கி. வேன் வருவதற்கு அரை மணி முன்பே என் மகள் வாசலில் போய் நின்றுவிடுவாள். தனக்காக வேன் ஒரு நொடியும் நிற்கக் கூடாது. சாப்பாட்டை மறந்தாலும் திரும்பி எடுக்க வர மாட்டாள். போகட்டும், மெல்லப் போகும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

ஆகவே அன்புடையீர், உங்களிடம் யாசிக்கிறேன். இடி விழுந்த வீட்டில் பிள்ளையும் இருக்கிறது! வெள்ளம் வந்தாலும் விபத்து வந்தாலும் வேண்டியவர் மறைந்தாலும், பெரியவர்களிடம் கேட்கும் கேதத்தைப் பிள்ளையிடமும் கேளுங்கள். உட்கார்ந்து கேளுங்கள், உண்மையைச் சொல்லிக் கேளுங்கள். அழுதால் அழ விடுங்கள், அழாவிட்டால் காத்திருங்கள். 'அதெல்லாம் ஒண்ணுமில்ல' என்று வாயை அடைக்காதீர்கள். உங்களுக்கு ஒன்றுமில்லாத அந்த ஒன்று, அந்தப் பிஞ்சு நெஞ்சுக்கு உலகத்தையே அடைத்துக்கொண்டு நிற்கிறது. கேளுங்கள் தாயே, கேளுங்கள் தந்தையே! கேட்டால் பிழைத்துக்கொள்வார்கள். நம் பிள்ளைகள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள்!

இதோ, இன்னொரு துண்டுச்சீட்டு. தலைவர் ஐயா, பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டுதான், முடித்துவிடுகிறேன்... இல்லை. இது தலைவர் எழுத்து இல்லை. கலர் பென்சிலில் எழுதியிருக்கிறது. படிக்கிறேன்.

'அப்பா, வேன் வந்து நிக்குது. பாண்டிமுருகன் மாமாகிட்ட நான்தான் நிக்கச் சொன்னேன். அவசரம் இல்ல. மெதுவாப் பேசிட்டு வாங்க.'

மன்னித்துவிடு மகளே ஜோதி. நிபந்தனையை மீறிவிட்டேன். இறங்கிவிடுகிறேன்.

வாய்ப்பளித்த தலைவருக்கும், என்னைத் தாங்கிக்கொண்ட உங்களுக்கும், மூன்றாம் வரிசையில் என் மகளுக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கும் தங்கை அம்மாக்கண்ணுவுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. கேதம் கேட்டவன் சொல்லிக்கொள்ளாமல் போக வேண்டும். நான் சொல்லிக்கொண்டுதான் போவேன். வேன் நிற்கிறது. போயிட்டு வாரேன். வணக்கம்!