படத்துக்கு ஒரு கேக், வாய்க்கு ஒரு கேக்

மேடையில் வரிசையாக அமர்ந்திருக்கும் பெரியவர்களே! நடு நாற்காலியில் இருக்கும் நிலையத் தலைவர் ஐயாவே! நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நின்றுகொண்டிருக்கும் அக்கா தங்கச்சிகளே, அண்ணன் தம்பிகளே! எல்லோருக்கும் வணக்கம்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எழுதி வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன். நடுவில் யாரும் சீட்டு அனுப்ப வேண்டாம். முடித்துவிட்டுத்தான் உட்காருவேன்.

கரண்டியக்கா போய்விட்டார். நம் தொலைக்காட்சியில் அடுப்புப் பற்றவைத்த முதல் பெண் போய்விட்டார்! பத்தொன்பது வருடம் அவருக்குப் பக்கத்தில் நின்று மாவு சலித்தவள் நான். படத்தில் என் முழங்கை மட்டும் அடிக்கடி தெரியும்.

எனக்கு முன்னால் பேசிய தலைவர் ஐயா, "எங்கள் நிலையத்தின் செல்ல மகள்" என்றார். செல்ல மகளா? ஐயா, அன்று நீங்கள் தயாரிப்பாளர். முதல் நாள் அக்காவை மூன்று மணி நேரம் வாசலில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

"பொம்பளைங்க சமைக்கறதத்தான் வீட்ல தெனமும் பாக்கறோமே. அத டிவில வேற பாக்கணுமா?"

அக்கா அசையவே இல்லை. "தெனமும் பாக்கறீங்களா சார்? அப்ப உங்க வீட்ல உப்பு டப்பா எந்தப் பக்கம் இருக்குன்னு சொல்லுங்க. நான் இப்படியே போயிடறேன்."

நீங்கள் சொல்லவில்லை. அக்காவும் போகவில்லை.

இளையவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்துப் படப்பிடிப்பு விளக்கு ஒவ்வொன்றும் ஓர் அடுப்பு. நல்ல கேக்கை அதன் கீழே வைத்தால் கால் மணி நேரத்தில் சரிந்து உட்கார்ந்துவிடும். அதனால் அக்கா எப்போதும் இரண்டு கேக் செய்வார். படத்துக்கு ஒன்று. அதில் மாவு இரண்டு பங்கு, வெண்ணெய் பாதி, சர்க்கரை பேருக்கு, மினுமினுப்புக்கு மேலே எண்ணெய்ப் பூச்சு. நாள் முழுக்க அசையாமல் நிற்கும். நாங்கள் அதற்கு வைத்த பெயர் செங்கல். மூன்றாம் வரிசையில் இருக்கும் விளக்குக்காரரே, நான் சொல்வது பொய்யா? ஒரு செங்கலைத் தவறிக் காலில் போட்டுக்கொண்டு மூன்று நாள் நொண்டியவர் நீங்கள்தானே!

வாய்க்கு இன்னொன்று. அது பின்னறை அடுப்பில் வேகும். படப்பிடிப்பு முடிந்ததும் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவோம். நேயர்களுக்கு அக்கா வாயால் சொன்னதெல்லாம் இந்தக் கேக்கின் அளவு. கண்ணுக்குக் காட்டியது வேறு. அது கொஞ்சம் பித்தலாட்டம்தான், நான் மறைக்கவில்லை. ஆனால் சொன்ன அளவில் அரைக் கரண்டி பிசகு உண்டா? ஒரு நாளும் கிடையாது!

படத்துக்கான அளவுகள் நீல நோட்டில் இருக்கும். வாய்க்கானவை சிவப்பு நோட்டில். ஒரு நாள் நான் சோம்பல்பட்டு இரண்டையும் ஒரே நோட்டில் எழுதிவிட்டேன். அக்கா அந்தப் பக்கத்தைக் கிழித்து என் கையில் திணித்தார்.

"ஏண்டி, நாளைக்கு ஒருத்தி இத நம்பி வீட்ல செஞ்சு, பிள்ளைங்க துப்பினா, திட்டு உனக்கா விழும்? எம் பேருக்குத்தான் விழும். என்கிட்ட இருக்கறதே அந்தப் பேரு ஒண்ணுதான்."

அன்றைக்கே என்னை வேலையை விட்டுப் போகச் சொன்னார். வருடத்துக்கு ஒரு முறையாவது சொல்வார். பொல்லாத கோபக்காரி. இறந்துவிட்டார் என்பதற்காக அவரைச் சாந்த சொரூபி ஆக்க என்னால் முடியாது.

பத்தொன்பதாம் வருடம் இதே ஐயா அக்காவைக் கூப்பிட்டார். "தல நரைச்சுப்போச்சும்மா. கலர் டிவில எடுபடாது."

"நரைச்சது தலதானே சார், நாக்கு இல்லையே."

மறுநாள் காவலாளி எங்களை உள்ளே விடவில்லை. சிவப்பு நோட்டு அக்காவின் கைப்பையில் இருந்தது. நீல நோட்டு உள்ளே மேசை இழுப்பறையில் மாட்டிக்கொண்டது. பதிவு செய்த நிகழ்ச்சிகளையாவது பத்திரமாக வைத்தார்களா? அவற்றை அழித்துவிட்டு அதே நாடாக்களில் பந்தாட்டத்தைப் பதிவு செய்துகொண்டார்கள்! நிலையத்தில் மிஞ்சியது அந்த ஒரு நீல நோட்டு.

அதோ மேசையில் பட்டுத் துணி போட்டு, ரிப்பன் கட்டி வைத்திருக்கிறார்களே, அது என்ன? கரண்டியக்காவின் சமையல் புத்தகமாம். என் பேச்சு முடிந்ததும் தலைவர் ஐயா வெளியிடப் போகிறார். "பாராட்டி ரெண்டு வார்த்தை பேசுங்கம்மா" என்று எனக்கும் ஒரு பிரதி அனுப்பினார். நான் விரலை வரிக்குக் கீழே வைத்துத்தான் படிப்பேன். அதனால் ஒரு வரியும் தப்பாது. பதினோராம் பக்கம்: மாவு இரண்டு பங்கு, வெண்ணெய் பாதி, மேலே எண்ணெய்ப் பூச்சு!

ஐயா, நீங்கள் அச்சடித்திருப்பது செங்கல்!

அட்டையிலிருந்து அட்டை வரை அத்தனையும் நீல நோட்டு. உங்களுக்கு எப்படித் தெரியாமல் போனது? பத்தொன்பது வருடத்தில் ஒரே ஒரு நாள் எங்களோடு உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டிருந்தால் தெரிந்திருக்கும். டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனவருக்கு எங்கே தெரியும்? நேற்றுத் தொலைபேசியில் சொன்னேன். என்ன பதில் வந்தது தெரியுமா?

"அச்சாயிடுச்சும்மா. யாரு செஞ்சு பாக்கப் போறாங்க? படமெல்லாம் ஜோரா வந்திருக்கு."

யாரா? இந்த மண்டபம் நிறைய இருக்கிறார்களே, இவர்கள்தான்! கரண்டியக்கா சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு அளந்து போடுகிறவர்கள்!

நான் செய்து பார்த்தேன். எனக்குப் பேரன்கள் மூன்று பேர். மூவரும் சிங்கக்குட்டிகள், என் வளர்ப்பு, தட்டில் எதையும் மிச்சம் வைக்காதவர்கள். அவர்களே தட்டைத் தள்ளிவிட்டு, "பாட்டி, இது யாரு சொல்லிக்குடுத்தது?" என்று கேட்டார்கள். கரண்டியக்கா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இனி வீட்டுக்கு வீடு இந்தக் கேள்வி எழும். அங்கெல்லாம் கரண்டியக்கா என்றுதான் சொல்வார்கள்.

அவர் பணியைத் தொடர்வோம் என்றுதான் இங்கே எல்லோரும் முடித்தார்கள். நானும் அதையே சொல்கிறேன். அவருடைய பணி என்ன? தானே தின்று பார்க்காமல் எதையும் "நல்லா இருக்கு" என்று சொல்லாமல் இருந்தது. அவ்வளவுதான். அதை நான் இங்கேயே தொடரப் போகிறேன்.

இதோ சிவப்பு நோட்டு. கண் மூடுவதற்கு முந்தின வாரம் அக்கா என் கையில் கொடுத்தது. இதை அச்சடிப்பதாக இருந்தால் இப்போதே தருகிறேன். இதோ இந்தத் தட்டில் பதினோராம் பக்கத்துக் கேக். ரிப்பன் வெட்டுகிற கத்தரிக்கோல் இதில் இறங்காது, ரம்பமும் கொண்டுவந்திருக்கிறேன்.

தலைவர் ஐயா, ஒரு துண்டு. எல்லோரும் பார்க்க மென்று, விழுங்கி, இந்த மைக்கில் "நல்லா இருக்கு" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டால் அந்தப் பட்டுத் துணியை நானே எடுக்கிறேன். சொல்ல முடியாவிட்டால் அதன் மேல் யாரும் கை வைக்கக் கூடாது.

முடித்துவிட்டுத்தான் உட்காருவேன் என்றேன். இன்னும் முடியவில்லை. சாப்பிடுங்கள் ஐயா.