கீழ வைலே, எடுத்துக்கிடுதேன்

வாழ்த்து வாழ்த்துன்னு நானும் இவ்வளவு நேரம் வாழ்த்திட்டேன்... மாப்பிள்ளைக்குக் கொட்டாவி வருது! சரி, ஒரு குட்டிக் கதை சொல்றேன், கேளுங்க. வேண்டாம்னாலும் சொல்லத்தான் போறேன். மைக் என் கையிலதானே இருக்கு?

எங்க திருநெல்வேலிப் பக்கம் ஒரு அண்ணன் தம்பி. மூத்தவன் தளவாய். இளையவன் மகராஜன். தளவாய்க்கு ஒரு கிறுக்கு... மடக்குக் கத்தி சேர்க்கிற கிறுக்கு. ஆமாங்க, சட்டைப் பையில வைக்கிற மடக்குக் கத்தி! கொம்புப் பிடி போட்டது, பித்தளைப் பிடி போட்டது, வெளிநாட்டுலேர்ந்து வந்தது... எல்லாம் கண்ணாடி அலமாரியில. வாரம் தவறாம எண்ணெய் போட்டுத் துடைப்பான். அதுல ஒரு கத்தியாவது ஒரு எலுமிச்சம்பழத்தை அறுத்திருக்குமா? அறுக்க விடுவானா? "ஏட்டி, தொடாத, கைரேகை படியும்!" பொண்டாட்டிக்கே இந்த ஏச்சு.

தம்பிகிட்ட இருந்தது ஒரே ஒரு கத்தி. அது அவங்க அப்பாவோடது. அப்பா லாரி டிரைவர். தார்ப்பாய்க் கயிறு அறுப்பாரு, மாங்கா நறுக்குவாரு, எல்லாம் அந்தக் கத்திதான். அவர் கடைசியாப் படுக்கையில கிடந்தப்ப ரெண்டு பிள்ளைகளையும் கூப்பிட்டு, அதைத் தரையில வச்சாரு. ஏன் தரையில? உங்களுக்குத் தெரியாததா... கத்தியைக் கைக்குக் கை கொடுத்தா உறவு அறுந்துடும்னு சொல்லுவாங்க. கீழ வைக்கணும், வாங்குறவங்க அவங்களா எடுத்துக்கணும். "யாருக்கு வேலைக்கு ஆகுமோ அவன் எடுத்துக்கிடுங்கலே"ன்னாரு. தம்பி எடுத்தான். அவன் வாழை மண்டியில இலைக்கட்டு போடுறவன். நாள் பூரா நார் அறுப்பான், தீட்டுவான், மறுபடி அறுப்பான்.

அண்ணனுக்கு வயித்தெரிச்சல். "அப்பா ஞாபகத்தை இப்படித் தேய்ச்சு அழிக்கியேலே! எங்கிட்ட குடு, அலமாரியில பத்திரமா இருக்கும்."

"அப்பா என்ன, இதை வச்சு வேடிக்கையா பாத்துக்கிட்டு இருந்தாரு?"

வார்த்தை தடிச்சுப்போச்சு. ரெண்டு வருஷம் பேச்சு கிடையாது. எதிரெதிர் வீடுங்க! ஒருத்தன் கதவு திறந்தா இன்னொருத்தன் சாத்துவான்.

தளவாய்க்கு ஒரே மக, வடிவு. காலேஜ்ல படிக்கிறா. ஒரு நாள் சாயங்காலம் அப்பா பைக்ல பின்னாடி உட்கார்ந்து வர்றா. வாய்க்கால் கரை ரோடு, ஆள் நடமாட்டம் இல்ல. தளவாய் சட்டைப் பையில அன்னைக்குத்தான் கூரியர்ல வந்த புதுக் கத்தி. கொஞ்சம் பின்னால மகராஜன், மொபெட்ல. அண்ணன் வண்டின்னு தெரிஞ்சு வேணும்னே மெதுவா வர்றான். மூஞ்சியில முழிக்கக் கூடாதுல்ல!

வடிவோட துப்பட்டா... பின் சக்கரத்துல சிக்கிடுச்சு. ஒரே இழுப்பு. வண்டி சரிஞ்சது. பிள்ளை கீழ கிடக்கா. துணி கழுத்தை இறுக்குது... விரல் விட இடமில்ல. அவளால கத்தவும் முடியல. கால் மட்டும் தரையில அடிக்குது...

தளவாய் பையில கை விட்டான். புதுக் கத்தி! எடுத்துட்டான்... திறக்க வரல. அதுல என்னமோ ஒரு பூட்டு. எங்க அழுத்தணும்? தெரியல. எப்படித் தெரியும்? திறந்து பழகினாத்தானே! நகம் பிஞ்சு ரத்தம் வருது, கத்தி திறக்க மாட்டேங்குது.

மகராஜன் மொபெட்டை அப்படியே போட்டுட்டு ஓடி வந்தான். பைக்கோட பின்பக்கத்தைத் தோளைக் கொடுத்துத் தூக்கினான். துணி துளி தளர்ந்தது. விட்டா மறுபடி இறுகும், அதனால அவன் நகர முடியாது. ஒரு கையால இடுப்புல இருந்த கத்தியை எடுத்து, பல்லால கடிச்சுத் திறந்து, அண்ணன்கிட்ட நீட்டுறான். "பிடி! அறு!"

தளவாய் கை வாங்கப் போச்சு... பாதியில நின்னுடுச்சு. வாய் சொல்லுது, "கீழ வைலே... எடுத்துக்கிடுதேன்."

ஐயோ! பெத்த மக மூச்சு முட்டிக் கிடக்கா! ஏன் சிரிக்கிறீங்க? அவன் வேணும்னா சொன்னான்? சின்ன வயசுலேர்ந்து பழகின கை, அது பாட்டுக்கு நின்னுடுச்சு. உங்க கையா இருந்தா நின்னிருக்காதா?

மகராஜன் போட்டான் பாருங்க ஒரு சத்தம்...

"ஏலே தளவாய்! உம் மவ சாவுதாலே! கையில வாங்குலே!"

கூடப் பிறந்த மூத்தவனைப் பேர் சொல்லி, ஏலேன்னு! அப்பத்தான் தளவாய்க்குப் புத்தி வந்துச்சு. வாங்கினான், அறுத்தான். தினம் தீட்டின கத்திங்க... துணி ரெண்டாப் போச்சு.

பிள்ளை ஒரு மூச்சு இழுத்தா... இருமினா... அழுதா. அவ முதல்ல கூப்பிட்டது யாரை? "சித்தப்பா"ன்னுதான்.

தளவாய் ரோட்டுலயே உட்கார்ந்துட்டான். மெல்லக் கேக்கான், "தம்பி... கையிலல்லா வாங்கிட்டேன். நமக்குள்ள ஒண்ணும் ஆயிராதுல்லா?"

மகராஜனுக்கு அழுகையும் வருது, ஆத்திரமும் வருது. "அண்ணே... அப்பா கீழ வச்சுத்தானே குடுத்தாரு? ரெண்டு வருஷமா நீ எங்கிட்ட பேசினியா?"

கை தட்டாதீங்க. கொஞ்சம் யோசிங்க. அந்தக் குடும்பத்துல சாஸ்திரம் தப்பினாங்களா? தப்பல. அப்புறம் எது அறுத்துச்சு அந்த உறவை? வீம்பு! நம்ம வீட்டுல அது இல்லையா?

மாப்பிள்ளை, நீங்களும் கேளுங்க. ஏம்மா கல்யாணப் பொண்ணு, நீயும் கேளு. பாசத்தை அலமாரியில வச்சுத் துடைச்சுக்கிட்டே இருந்தா அவசரத்துக்குத் திறக்காது. தினம் எடுத்துப் புழங்குங்க. திட்டுங்க, சிரிங்க, தேயட்டுமே, என்ன இப்போ!

இந்த மண்டபத்துலயும் ஒரு வயித்துப் பிள்ளைங்க ஆளுக்கொரு மூலையில உட்கார்ந்திருக்கீங்க. பேர் சொல்ல மாட்டேன், சொன்னா அடுத்த கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிட மாட்டீங்க. பந்திக்குப் போறப்ப நேரா அவன்கிட்ட போங்க. "சாப்பிட வாடா"ன்னு கூப்பிடுங்க. முறைப்பான். முறைக்கட்டும்... கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய்ப் பக்கத்துல உட்கார வச்சுக்கங்க.