பின்னால் ஒரு கை

நான் இதுவரை ஒரு இலையைக்கூடக் கிள்ளியதில்லை, ஐயா. அதற்கும் வலிக்குமோ என்று ஒரு எண்ணம். தையல்காரனுக்கு இவ்வளவு இளகின மனசு ஆகாது என்று என் தம்பி சிரிப்பான்.

அவனுக்கு இலைகளை மிக நெருக்கத்தில் படம் எடுப்பதில் பைத்தியம். இலையின் நரம்பு, மெல்லிய சுணை, நுனியில் தொங்கும் நீர்த்துளி. இதற்காக வருஷத்துக்கு மூன்று நான்கு பயணம் போவோம். "ரெண்டு பேரும் ஆடாப் பொறந்திருக்கணும், கேமரா செலவாவது மிஞ்சியிருக்கும்" என்பாள் தம்பி மனைவி.

இலையைக் கண்டுபிடிப்பது நான்தான். ஊசி கோத்துப் பழகிய கண். அவன் மண்டியிடுவதற்குப் பஞ்சு வைத்து முழங்கால் உறை தைத்துக் கொடுத்தேன். காற்றைக் குடையால் மறைத்தேன். இன்னொரு வேலையும் இருந்தது. அந்த நெருக்கத்தில் லென்ஸைத் திருகிப் பயனில்லை. உடம்பையே முன்னும் பின்னும் நகர்த்தித்தான் தெளிவு பார்க்க வேண்டும். கண் கேமராவில் இருக்கும்போது பின்னால் முள்ளா, பள்ளமா என்று தெரியாது. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம். முதுகில் என் உள்ளங்கை பட்டால் நிற்க வேண்டும். படாவிட்டால் இன்னும் இடமிருக்கிறது. பன்னிரண்டு வருஷத்தில் அவன் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

போன மாதம் அவன் புத்தகம் வெளிவந்தது. முதல் பக்கத்தில் எழுதியிருந்தான்: 'இந்த இலைகளைத் தேடி நான் தனியாகவே அலைந்தேன். பேச்சுத்துணைக்கும் ஆளில்லை.'

கழுத்தில் அளவு நாடாவோடு கடையில் நின்றே மூன்று முறை படித்தேன். பிறகு அவனிடம் கேட்டேன்.

"அது சும்மா ஒரு அழகுக்கு எழுதறதுண்ணே. நீ என்ன வேத்து ஆளா? நீ என் கை மாதிரி. கைக்கு யாராவது நன்றி சொல்வாங்களா?"

நான் கோபப்படவில்லை. கோபம் பாவம். அன்று அவன் சட்டையில் பிரிந்திருந்த தையலைப் போட்டுக் கொடுத்தேன். அவனுக்கு நல்ல புத்தி கொடு என்று கடவுளிடமும் வேண்டிக்கொண்டேன். ஏற்றிவிட்ட ஏணிக்கு அதற்கு மேல் என்ன வேலை?

அடுத்த பயணம் மலைக்கு. ஒருபக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் பள்ளம், நடுவே ஒற்றையடிப் பாதை. பாறை இடுக்கில் ஒரு சின்னப் பெரணி இலை. காலை மழையின் ஒரு துளி அதன் நுனியில் நின்றது. அவன் குனிந்தான். மூச்சை அடக்கினான். அரையடி பின்னால் வந்தான்.

"அண்ணே, இருக்கியா?"

"இருக்கேன்."

அது பொய் இல்லை. இருந்தேன், பத்தடி தள்ளி. அவன் இன்னும் அரையடி வந்தான். பிறகு ஒரு முழு அடி.

நான் தள்ளவில்லை, ஐயா. தனியாக அலைந்தேன் என்றவனை அவன் எழுதியபடியே விட்டேன். அந்த இடம் எப்படி அமைந்தது என்று கேட்டீர்கள். முந்தின நாளே தனியாகப் போய்ப் பார்த்து வைத்தேன். முதலில் பள்ளத்தைப் பார்த்தேன். இலையைப் பிறகுதான் தேடினேன்.

அவன் கடைசியாக எடுத்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டினீர்கள். துளிக்குள் கேமராவும் அவன் நெற்றியும் தெரிகின்றன. ஓரத்தில், கைகளைக் கட்டிக்கொண்டு, கடுகளவில் நான். பன்னிரண்டு வருஷத்தில் அவன் படத்தில் நான் இருப்பது இதுதான் முதல் தடவை.

வழக்கு முடிந்ததும் எனக்கு ஒரு பிரதி கிடைக்குமா?