பன்னிரண்டு வோல்ட் ஷோகேஸ்

நான் மாற்றிக் கட்டிய விளக்குகள் நான்கு மணி நேரம் சிமிட்டாமல் எரிந்தன. வேலை சுத்தம் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், சார். எங்கள் வீட்டில் அதை யாரும் சொன்னதில்லை.

சோமனூரில் எங்கள் கூடத்தில் ஒரு கண்ணாடி ஷோகேஸ் உண்டு. உள்ளே பீங்கான் வாத்துகள், கல்யாணத்துக்கு வந்த கப்புகள். அதற்கு இருபது சிறிய பல்புகள் வைத்தேன். எல்லாம் பன்னிரண்டு வோல்ட். ஒரு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து ஒவ்வொன்றுக்கும் தனி இணைப்பு. நான் பி.எஸ்ஸி. இயற்பியல். வாத்துகளுக்கு வெளிச்சம் போட அது போதும்.

செய்தது நான். காட்டியது என் கணவர் மனோஜ்குமார். யார் வந்தாலும் ஷோகேஸின் பின்பக்கம் கூட்டிப்போவார். அதற்கென்றே இரண்டு ஒயர் முனைகளை மூடாமல் வைக்கச் சொல்லியிருந்தார். ஈரக் கைகளால் இரண்டையும் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

"பன்னெண்டே வோல்ட்டுங்க. பச்சக் கொழந்த புடிச்சாலும் ஒண்ணும் ஆவாது. நானே செஞ்சதுங்க."

மார்கழியில் பள்ளித் தலைமையாசிரியை மெஹராஜ் மேடம் வந்தார். அறிவியல் டீச்சர் வேலைக்கு என்னை அனுப்பச் சொல்லிக் கேட்கத்தான் வந்தார். அவருக்கும் வித்தை காட்டப்பட்டது.

"கீதாவுங்களா மேடம்? பீஸ் போனா என்னையத்தானுங்க கூப்புடுவா. புள்ளைங்களுக்கு இவ என்னத்தச் சொல்லிக் குடுக்கறது?"

மேடம் என்னைப் பார்த்தார். நான் காபி எடுக்கப் போனேன். எனக்குப் பேச வராது. வேலை வேறொருத்திக்குப் போனது.

பொங்கலுக்கு வெள்ளகோவிலிலிருந்து என் கணவருடைய அக்கா வருவதாக இருந்தது. டிரான்ஸ்ஃபார்மர் இரைகிறது என்று மாமியார் குறைப்பட்டுக்கொண்டே இருந்தார். அன்று மதியம் அதைக் கழற்றினேன். இருபது பல்புகளையும் ஒரே மாலையாகக் கோத்து, நேராகச் சுவர் பிளக்கில் கொடுத்தேன். இருநூற்று முப்பது வோல்ட்டை இருபது பல்புகள் பங்கிட்டுக்கொண்டால் ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறையப் பன்னிரண்டுதான். வெளிச்சத்தில் வித்தியாசம் தெரியாது. ஆனால் மாலையின் இரண்டு கோடிகளுக்கு நடுவில் வீட்டுக் கரண்டின் இருநூற்று முப்பது வோல்ட்டும் அப்படியே இருக்கும். செய்தவருக்கு அது தெரியாமல் இருக்காது. செய்தவர் அவர்தானே.

மற்ற மூட்டுகளுக்கெல்லாம் டேப் சுற்றினேன். மாலையின் இரண்டு கோடிகளான அந்த வித்தை முனைகளுக்கு வரும்போது டேப் தீர்ந்துவிட்டது. வழக்கமான இடத்தில், வழக்கம்போல மூடாமல் இருந்தன.

ஆறு மணிக்கு அக்கா வந்தார்.

"ஏங்கண்ணு, என்ற தம்பி ஏதோ லைட்டெல்லாம் சோடிச்சு வெச்சிருக்கறானாமா?"

"ஏனுங்க, அக்காவுக்குக் காட்டுங்க" என்றேன். அவரை அப்படி நான் கேட்டது அதுவே முதல் முறை. அவருக்குச் சந்தோஷம்.

கை கழுவிக்கொண்டு வந்தார். துடைக்கவில்லை. "பன்னெண்டே" என்றார். மீதியைச் சொல்லவில்லை. அவர் விழுந்த பிறகும் ஒரு பல்புகூட அணையவில்லை.

கையெழுத்துப் போடும் முன் ஒரு திருத்தம், சார். மேலே ஒரு வரி தவறு.

டேப் தீரவில்லை.